குக்ரியின் உறை

நேபாளத்து மலைவாசிகள் விறகு பிளக்கவும் ஆடு அறுக்கவும் இடுப்பில் செருகிச் செல்லும் குக்ரி என்னும் வளைந்த பெருங்கத்தியைப் புகழ்கிறவர்கள், அதைத் தாங்கும் உறையை ஏறிட்டும் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். இரண்டு மரத்துண்டுகளைக் குடைந்து பொருத்தி, மேலே எருமைத் தோலை இழுத்துப் போர்த்தி, நுனிக்குப் பித்தளைப் பூண் பூட்டி, கர்தா என்னும் சிறுகத்திக்கும், அலகைச் சீர்செய்யவும் தீப்பொறி எழுப்பவும் உதவும் சக்மக்குக்கும் பின்புறத்தில் இடம் வைப்பது சம்பிரதாயம். வெறுந்தோலானால் கனத்த அலகு அதை நாளடைவில் அறுத்துவிடும். மரமே அதைத் தடுக்கிறது.

அலகின் வயிறு கழுத்தைவிட அகன்றிருப்பதால் உறையின் வாயும் அகலமாகவே அமைகிறது. ஆதலால் உருவும்போது கத்தியின் முதுகு உறையின் முதுகோடு உராய்ந்து வருமாறு இழுப்பதும், உறையைப் பற்றிய விரல்கள் கூர்ப்பக்கத்தைச் சுற்றாதிருப்பதும் அத்தியாவசியம். வாயருகே மரம் பிளந்திருந்தால், அலகு நேரே விரலில்தான் இறங்கும்.

தோலில் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதே உத்தமம். குரோமிய உப்பில் பதனிட்டது எஃகைத் துருவேற்றக்கூடும். எதுவாயினும் ஈரத்தை உறிஞ்சுவது தோலின் சுபாவமாகையால், மாதக்கணக்கில் எடுக்காத கத்தியை எண்ணெய் பூசி, உறைக்கு வெளியே வையுங்கள்.