உங்களுக்குத் தெரியுமா? எதிரியின் வண்டியில் மனைவியின் படம்

அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர் 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் போரில் இறந்தார். அவருடைய கடிதங்களையும் படங்களையும் சேகரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 ஜூனில் ட்ரெவிலியன் ஸ்டேஷனில் கஸ்டரின் வண்டி தென்மாநிலப் படையிடம் சிக்கியது. மணமாகி நான்கே மாதமான மனைவி எலிசபெத் எழுதிய அந்தரங்கக் கடிதங்களும், கண்ணாடித் தகட்டில் எடுத்த அவருடைய படமும் அதோடு போயின. அக்டோபரில் டாம்ஸ் புரூக்கில் எதிரித் தளபதி தாமஸ் ராசரின் வண்டிகளைக் கஸ்டர் மடக்கியபோது அந்தப் படம் திரும்பக் கிடைத்தது. ராசர், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் கஸ்டரின் நெருங்கிய நண்பர்!

சேகரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அக்காலத்து உள்ளங்கையளவு அட்டைப் படம் கையில் கிடைத்தால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். 1864 செப்டம்பர் முதல் 1866 ஜூலை வரை விற்ற படங்களில் வரி வில்லை ஒட்ட வேண்டும் என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். வில்லை சொல்வது விற்ற காலத்தைத்தான். படம் அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கலாம்.

கஸ்டரின் இத்தனை கடிதங்களும் படங்களும் மிஞ்சியதற்கு எலிசபெத்தே முக்கியக் காரணம். 57 ஆண்டுகள் விதவையாக வாழ்ந்து, 1933இல் இறக்கும்வரை கணவரின் புகழைக் காத்தார். மூன்று நூல்களும் எழுதினார். ஆனால் இவை ஒரு தரப்பின் குரல் மட்டுமே. லிட்டில் பிக்ஹார்ன் போரில் எதிரணியில் நின்ற லகோட்டா வீரர் ரெட் ஹார்ஸ் 1881இல் வரைந்த சித்திரங்கள் ஸ்மித்சோனியன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கஸ்டரைப் பற்றிய எந்தத் தொகுப்பையும் அவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.