கடலடித் தடங்கள் – 9: உப்பு உறைவதற்குள்

போன வாரம் புதுச்சேரிக் கடலில் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கும் செயற்கைத் திட்டுவரை போய்வந்தோம். இந்த வாரம் கரையிலேயே இருப்போம். கீழே நம்மை மூச்சுவிட வைத்ததும் மிதக்க வைத்ததுமான இரண்டு கருவிகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம். முக்குளிப்பவர் முதுகில் இருப்பது ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லை. நாளிதழ்கள் எத்தனை முறை அப்படி எழுதினாலும் இல்லை. ஆக்ஸிஜன் சிலிண்டர் பார்க்க வேண்டுமென்றால் கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகவேண்டும். கொரோனா நாட்களில் புதுச்சேரி முழுக்க அந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததே, அது. ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது கதிர்காமம் கடைவீதியில் நாம் இழுக்கும் அதே காற்றுதான். எண்ணெயும் ஈரமும் போக வடிகட்டி, சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். தூய ஆக்ஸிஜனோடு ஆறு மீட்டரைத் தாண்டி இறங்கினால் வலிப்பு வரக்கூடும். கட்டிலில் உயிரைக் காப்பது கடலில் உயிரை எடுத்துவிடும்.

ஆனாலும் இரண்டுக்கும் உறவு உண்டு. நோயாளியின் கட்டிலருகே சிலிண்டர் தலையில் திருகியிருக்கும் கருவி, உள்ளேயுள்ள பெரும் அழுத்தத்தைச் சில பார் அளவுக்குக் குறைத்துத் தருகிறது. ஸ்கூபா ரெகுலேட்டரின் ‘ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்’ செய்வதும் அதே வேலை. சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிட ஒன்பது பத்து பார் கூடுதலாகக் காற்றைக் குழாய்க்கு அனுப்பும். வாயில் கடித்திருக்கும் ‘செகண்ட் ஸ்டேஜ்’ அதையும் குறைத்து, நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, நிறுத்தியதும் மூடிக்கொள்ளும்.

இந்த யோசனை பிரெஞ்சுக்காரர்களுடையது. 1860-இல் பெனுவா ரூக்கெரோல் என்ற சுரங்கப் பொறியாளர், விஷக்காற்று நிறைந்த சுரங்கத்தில் மாட்டியவர்களை மீட்பதற்காக ஒரு ரெகுலேட்டர் செய்தார். கடற்படை அதிகாரி ஒகுஸ்த் தெனெருஸ் அதைக் கடலுக்குக் கொண்டுபோனார். ழூல் வெர்ன் தன் கடலடி நாவலின் நாயகன் கேப்டன் நெமோவுக்கு மாட்டிவிட்டது இந்தக் கருவியைத்தான். அந்த நாவலும் 1869-70இல் பத்திரிகைத் தொடராக வந்ததுதான் என்பதில் தொடர் எழுதுகிறவனுக்குச் சின்ன ஆறுதல். நெமோ நம் மன்னார் வளைகுடாவுக்கும் வருகிறான். மூச்சடக்கி முத்துக்குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, கைநிறைய முத்தும் கொடுத்து அனுப்புகிறான். கருவி உள்ளவனும் கல்லைக் காலில் கட்டி இறங்குகிறவனும் ஒரே கடலடியில் சந்திக்கும் அந்தக் காட்சியை, தமிழ்க் கரையைப் பார்க்காமலே வெர்ன் எழுதினார்.

இன்றைய ரெகுலேட்டர் பிறந்தது போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில். ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் கார்கள் எரிவாயுவில் ஓடின. அதற்காக ஏர் லிக்கீட் நிறுவனத்தின் எமில் காக்னான் ஒரு வால்வு செய்துவைத்திருந்தார். கடலாய்வாளர் ழாக்-ஈவ் கூஸ்தோ கேட்டதும் அதையே மூச்சுக் கருவியாக மாற்றினார். 1943 தொடக்கத்தில் மார்ன் ஆற்றில் சோதித்தபோது, நிமிர்ந்து நின்றால் காற்று கொட்டியது, தலைகீழானால் வரமறுத்தது. வெளிமூச்சு போகும் வழியும் காற்றைத் திறந்துவிடும் சவ்வும் வெவ்வேறு மட்டத்தில் இருந்ததே காரணம். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் சிக்கல் தீர்ந்தது. இன்றைய செகண்ட் ஸ்டேஜைத் திறந்து பாருங்கள், அந்தச் சவ்வும் வெளிமூச்சு ரப்பர் வால்வும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

வெளிமூச்சு வால்வான அந்த மெல்லிய ரப்பர் வட்டத்தின்மீது எனக்குத் தனி மரியாதை. அதன் விளிம்பில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், ஒவ்வொரு மூச்சிலும் உப்புத்தண்ணீர் கலந்து வரும். கடலுக்குப் போகுமுன் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சிலிண்டரில் மாட்டாமல், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியை நன்றாக மூடிவிட்டு, மவுத்பீஸை வாயில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். காற்று வரவே கூடாது. வந்தால் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் மவுத்பீஸிலேயே, பிளாஸ்டிக் கட்டு இறுக்கும் இடத்தில், பல்பட்டுக் கிழிந்திருக்கும். மாட்டிய பிறகு இன்னொரு சோதனை: சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்த்தபடி நாலைந்து மூச்சு விடுங்கள். மூச்சுக்கு மூச்சு முள் இறங்கி ஏறினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே ஒன்றும் தெரியாது, ஆழத்தில்தான் காற்று போதாமல் திணறும்.

ஆழத்தில் ஏன் என்றால், பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்று அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் அது மேற்பரப்பைப்போல் 2.8 மடங்கு. கரையில் நிமிடத்துக்கு 15 லிட்டர் செலவழிப்பவர் அங்கே 42 லிட்டர் செலவழிப்பார். வழக்கமான அலுமினிய சிலிண்டரில் 2,300 லிட்டர்வரை காற்று இருக்கும். 50 பார் கையிருப்பை ஒதுக்கினால் நாற்பது நிமிடம்.

அந்தக் காற்றுக்கு எடை உண்டு என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். நிறைந்த சிலிண்டரில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் காற்றே இருக்கிறது. அது தீரத்தீர நாம் லேசாகிறோம், அலுமினிய சிலிண்டரோ கடைசியில் மிதக்கவே பார்க்கும். இதைச் சமாளிக்கத்தான் பிசிடி என்கிற காற்றுச் சட்டை. அதற்கும் முன்னோடி ஒரு பிரெஞ்சுக்காரர்: மோரிஸ் ஃபென்ஸி, 1960களின் தொடக்கத்தில், கழுத்தில் மாட்டும் காற்றுப்பையாக. காற்றேற்றும் இன்ஃப்ளேட்டர் பித்தானை அழுத்திப் பிடிக்கக்கூடாது, தட்டித்தட்டி விடவேண்டும். ஏறும்போது சட்டைக்குள் இருக்கும் காற்று தானே விரியும், விரிந்தால் இன்னும் வேகமாக ஏற்றும், ஆகவே விட்டுக்கொண்டே வரவேண்டும். மூச்சையும் அடக்கக்கூடாது. நம் முத்துக்குளிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற மூச்சடக்கல் இங்கே நுரையீரலைக் கிழித்துவிடும். என் பார்வையில், மூழ்குவதற்கான ஈயக்கட்டியை அதிகமாகக் கட்டிக்கொண்டு அதைச் சரிக்கட்டச் சட்டையை ஊதிக்கொண்டே இருப்பவரைவிடக் கடலுக்குக் கேடு செய்பவர் இல்லை. அவர் துடுப்புக்கால் படும் இடமெல்லாம் சேறு கிளம்பும், பவளம் உடையும்.

இனி, பலரும் சோம்பல்படும் வேலை. கடலுக்குள் இருக்கும்வரை உப்பு கரைந்தே இருக்கிறது. கரையேறி வெயிலில் காயும்போதுதான் படிகமாகி வால்வுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்தமுறை இன்ஃப்ளேட்டர் பித்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால், சட்டை ஊதிக்கொண்டே போய் ஆளை மேலே தூக்கி எறியும். அப்போது சட்டைக்குக் காற்று கொண்டுவரும் குறைந்த அழுத்தக் குழாயைக் கழற்றிவிட வேண்டும், பயிற்சியில் இதைக் கைப்பழக்கமாகவே ஆக்கிவிடுவார்கள். ஆனால் கருவிகளை நல்ல தண்ணீர்த் தொட்டியில் அலசப் பத்து நிமிடம் செலவழித்தால் அந்த நிலைமை அநேகமாக வராது.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியைத் துணியால் துடைத்து ஈரமில்லாமல் மூடிய பிறகே தண்ணீரில் போடவேண்டும். ஊறும்போது செகண்ட் ஸ்டேஜில் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அழுத்தவே கூடாது. உள்ளே காற்றழுத்தம் இல்லாத நேரத்தில் அழுத்தினால் வால்வு திறந்து, தண்ணீர் குழாய் வழியே ஏறி உலோகத்தை அரிக்கும். பிசிடியை வெளியே மட்டும் அலசினால் பாதி வேலைதான். இன்ஃப்ளேட்டர் வழியாக மூன்றில் ஒரு பங்கு நல்ல தண்ணீர் ஊற்றி, குலுக்கி, கவிழ்த்து வடித்து, பாதி ஊதி நிழலில் தொங்கவிட வேண்டும். ஊதாமல் விட்டால் உள்சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். சிலிண்டரை முழுக்கக் காலி செய்யாமல் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஈரக்காற்று உள்ளே புகும். ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்ப்பதை மட்டும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஆண்டுக்கொருமுறையாவது அது அவர் மேசைக்குப் போகட்டும்.

இதற்கெல்லாம் நல்ல தண்ணீர் வேண்டுமே! கடலோரப் புதுச்சேரியில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பேறிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீரில் கழுவிவிட்டு உப்பு போய்விட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. நல்ல தண்ணீர்த் தேடல் இந்த ஊருக்குப் புதிதல்ல. பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவு. அந்த ஊர் கதிர்காமத்திலிருந்து தொலைவில்லை. கருவி வாங்குவோருக்கு நான் சொல்வது, விலையை விசாரிக்கும் முன் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு வாய் ருசித்துப் பாருங்கள். கரித்தால், அலசுவதற்கு ஒரு டிரம்மில் மழைத்தண்ணீராவது பிடித்துவையுங்கள்.

அடுத்த வாரம் தூத்துக்குடி. சங்கு குளிப்பவர்களுக்குச் சிலிண்டரும் இல்லை, பிசிடியும் இல்லை. படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து ஒரு நீளக் குழாய். அந்தக் குழாயில் வரும் காற்று எங்கிருந்து இழுக்கப்படுகிறது என்று பார்ப்போம்.