உஷார்! பூட்டு தொங்குகிறது, கதவு திறந்திருக்கிறது

பழைய லேப்டாப் ஒன்றில் உபுண்டுவோ டெபியனோ ஏற்றி, டாக்கரைப் போட்டு, படம் பார்க்க ஜெல்லிஃபின், போட்டோவுக்கு இம்மிச், விளக்கு ஃபேனுக்கு ஹோம் அசிஸ்டன்ட் என்று வரிசையாக ஓடவிட்டிருக்கிறீர்களா? மேற்கொண்டு படிக்கும் முன் ஒரு காரியம். டெர்மினலைத் திறந்து 'டாக்கர் பிஎஸ்' என்று அடியுங்கள். போர்ட்ஸ் என்ற பத்தியில் 0.0.0.0 என்று தொடங்கும் வரிகள் எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணிவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

அவை ஒவ்வொன்றும் உங்கள் ஃபயர்வாலை ஒரு வார்த்தை கேட்காமல் திறந்த கதவு.

"நான்தான் யூஎஃப்டபிள்யூ போட்டிருக்கிறேனே, எஸ்எஸ்எச் தவிர எல்லாவற்றையும் அடைத்தாயிற்றே" என்பீர்கள். ஸ்டேட்டஸ் கேட்டால் அதுவும் 'ஆக்டிவ்' என்றுதான் சொல்லும். அது பொய் சொல்லவில்லை. காவல் நிற்கும் இடம்தான் வேறு. மெஷினுக்கென்றே வரும் பாக்கெட் இன்புட் என்ற வாசல் வழியாக வரும். யூஎஃப்டபிள்யூ போடும் தடையெல்லாம் அந்த வாசலில். டாக்கரோ, ஒரு போர்ட்டைத் திற என்று நீங்கள் சொன்ன மாத்திரத்தில் ஐபிடேபிள்ஸில் தானே விதி எழுதி, பாக்கெட் உள்ளே நுழையும்போதே சேரிடத்தை மாற்றி, கன்டெய்னர் பக்கம் திருப்பிவிடுகிறது. இன்புட் வாசலை அந்தப் பாக்கெட் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வாட்ச்மேன் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வந்தவர் வெளிப்படிக்கட்டு வழியாக மாடிக்கே போய்விட்டார்.

இது யாரும் மறைத்த ரகசியமல்ல. டாக்கரும் யூஎஃப்டபிள்யூவும் ஒத்துப்போகாது என்று டாக்கரின் கையேடே சொல்கிறது. நிறுவும்போது கையேட்டை யார் படிக்கிறார்கள்? எங்கிருந்தோ ஒரு கம்போஸ் ஃபைலை எடுத்து ஒட்டுகிறோம், பச்சை எழுத்து வந்ததும் எழுந்துபோய்க் காபி போடுகிறோம்.

ஒட்டிய ஃபைலில்தான் பெரிய வினை இருக்கும். செயலியின் போர்ட்டோடு சேர்த்து போஸ்ட்கிரெஸின் 5432, ரெடிஸின் 6379 இரண்டையும் யாரோ திறந்து வைத்திருப்பார்கள். தேவையே இல்லை. ஒரே கம்போஸ் ஃபைலில் உள்ள கன்டெய்னர்கள் தங்களுக்குள் பெயர் சொல்லியே பேசிக்கொள்ளும். அதிலும் ரெடிஸை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பாஸ்வேர்டு இல்லாமல் வெளியாள் வந்தால் மறுக்கும் பாதுகாப்பு முறை ஒன்று அதில் உண்டு. டாக்கருக்கான அதிகாரபூர்வ இமேஜில் அது அணைத்தே வருகிறது. போர்ட்டைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. டேட்டாபேஸ்களின் போர்ட் வரிகளை முழுதாக நீக்குங்கள். மற்றவற்றில் போர்ட் எண்ணுக்கு முன்னால் முகவரியைச் சேருங்கள்: அந்த மெஷினுக்கு மட்டும் போதுமென்றால் 127.0.0.1; வீட்டு போன்களும் பார்க்க வேண்டுமென்றால் அந்த மெஷினின் 192.168 என்று தொடங்கும் முகவரி. அந்த முகவரி மாறாமல் இருக்க ரூட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். ஃபயர்வால் விதியே வேண்டுமென்பவர்கள் 'டாக்கர் யூசர்' என்ற சங்கிலியில் எழுத வேண்டும்; டாக்கர் மதிப்பது அதைத்தான். கையோடு இன்னொன்று: சுடோ அடிக்கச் சோம்பல்பட்டு உங்கள் யூசரை டாக்கர் குரூப்பில் சேர்த்திருந்தால், அந்த யூசருக்கு ரூட் அதிகாரத்தையே கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

"ரூட்டருக்குப் பின்னால்தானே இருக்கிறேன்?" சரிதான், பாதி. நம் ஊர் பிராட்பேண்டில் பலருக்குத் தனி ஐபிவி4 முகவரி கிடைப்பதில்லை. ரூட்டரின் வான் (WAN) முகவரி 100.64 முதல் 100.127-க்குள் இருந்தால் நீங்கள் கூட்டத்தோடு ஒரு முகவரியைப் பங்கிடுகிறீர்கள். வெளியாள் நேரே வர முடியாது. ஆனால் ஐபிவி6 வந்திருந்தால் அந்த மறைவு கிடையாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் உலகம் அறியும் முகவரி. தடுப்பது ரூட்டரின் ஃபயர்வால் ஒன்றுதான்; அது எந்த நிலையில் இருக்கிறதென்று எப்போதாவது பார்த்தீர்களா? போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், சர்வரின் ஐபிவி6 முகவரியைச் சதுர அடைப்புக்குள் போட்டு 8096 என்று தட்டிப் பாருங்கள். ஜெல்லிஃபின் முகம் காட்டினால் உலகத்துக்கே காட்டுகிறது. யூபிஎன்பி-யையும் அணையுங்கள், அது கேட்டவர்க்கெல்லாம் ரூட்டரில் ஓட்டை போட்டுக் கொடுக்கும்.

2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் கியூநாப் நிறுவனத்தின் வீட்டு ஸ்டோரேஜ் பெட்டிகளைப் பிடித்தது. அவற்றுக்குள் ஓடுவதும் லினக்ஸ்தான். பூட்டப்பட்டவை இணையத்தில் நேரே தெரிந்த பெட்டிகள். திறக்க ஆளுக்கு 0.03 பிட்காயின். (அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் பணம் அனுப்புவதுபோல் அனுப்பி, சாவி வந்ததும் பரிவர்த்தனையைத் திரும்ப இழுத்து, 155 சாவிகளைக் கறந்தது. ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு போலீஸ் வாய்க்காது.) அதே ஆண்டு, பாஸ்வேர்டுகளைக் காத்துக் கொடுக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் முக்கியச் சாவிகளைத் தொடக்கூடிய நான்கே பொறியாளர்களில் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஆள் புகுந்தது. வழி, பிளெக்ஸ் மீடியா சர்வரில் இருந்த பழைய ஓட்டை. அதை அடைத்த பதிப்பு 2020 மே மாதமே வந்துவிட்டது, அவர் ஏற்றவேயில்லை. அது விண்டோஸ் பதிப்பின் ஓட்டை என்று லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். நம் கன்டெய்னர் இமேஜ்களை நாம் கடைசியாகப் புதுப்பித்தது எப்போது? டாக்கர் தானாக அதைச் செய்யாது.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போதும். போர்ட் ஃபார்வர்டிங் பக்கமே போகாதீர்கள்.

இன்னொரு அபாயம் வெளியிலிருந்து வருவதல்ல; நானே பட்டது. போட்டோக்களுக்கென்று யூஎஸ்பி டிஸ்க் ஒன்று மாட்டியிருந்தேன். ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. சர்வர் எழுந்துவிட்டது, டிஸ்க் எழவில்லை. டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகட்டும் என்று எஃப்எஸ்டேபில் 'நோஃபெயில்' எழுதியிருந்தவன் நான்தான். கன்டெய்னருக்கு என்ன தெரியும்? அதே பெயரில் காலியாகக் கிடந்த ஃபோல்டரில் பதினொரு நாள் போட்டோக்களை எழுதித் தள்ளியது. சிஸ்டம் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றபோது அவசரமாக யூஎஸ்பி டிஸ்க்கை மவுன்ட் செய்தேன். பழைய போட்டோக்கள் வந்தன, பதினொரு நாள் மட்டும் மாயம். இரண்டு மணி நேரம் ரெக்கவரி மென்பொருள் தேடி அலைந்தேன்.

டிஸ்க்கை அன்மவுன்ட் செய்ததும் அடியிலேயே இருந்தன. இப்போது அந்தக் காலி ஃபோல்டரை, டிஸ்க் இல்லாத நேரத்தில் ரூட்கூட எழுத முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறேன். வேறொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து அக்கா வீட்டில் கொடுத்திருக்கிறேன்.