பேரன் பிறந்தான், தாத்தா தனியானார்

மைக்கேல் ஹனேகேயின் 'ஆமூர்' (2012) படத்தைக் கலங்காமல் பார்த்து முடித்தவர்கள் குறைவு. மரணமும், கிழவர் நோயாளி மனைவியின் முகத்தில் அழுத்துகிற அந்தத் தலையணையுமே படத்தின் துயரம் என்று எழுதித் தீர்த்தாயிற்று. கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர்களை மனதில் வைத்துப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்தக் கிழத் தம்பதி கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தார்கள். சாத்திக்கொள்ள அவர்களுக்கென்று ஒரு கதவு இருந்தது. தமிழில் முதுமையைச் சொன்ன நல்ல படங்கள் சிலவற்றில்கூட அந்த ஜோடி இல்லை. 'சந்தியா ராகம்' பெரியவர் மனைவியைப் பறிகொடுத்துவிட்டுப் பட்டணம் வருகிறார். 'கடைசி விவசாயி' மாயாண்டி தனியாள்.

நிஜத்தில் சாவு வருமுன்பே பிரிவு வந்துவிடுகிறது. கரிசல் மானாவாரி பூமி. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் எடுக்கிற வெள்ளாமை, பிள்ளைகளை ஊரில் நிறுத்தி வைக்காது. திருப்பூருக்கோ சென்னைக்கோ போகிறார்கள். அங்கே குழந்தை பிறக்கிறது. புருஷன், பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போயாக வேண்டும். ஊரிலிருந்து அம்மாவை அழைத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதம் என்று போனவள், பேரன் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் திரும்புவதில்லை. ஒற்றை அறை வாடகை வீட்டில் அப்பாவுக்கு இடமில்லை. ஆட்டையும் காட்டையும் விட்டு அவரும் அசையமாட்டார். இதில் யாரும் கொடுமைக்காரர் இல்லை. அதனாலேயே இந்தப் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

பிள்ளைகள் சோறு போடுகிறார்களே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் பெரிய காரியம்தான். ஆனால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் பராமரிப்பு என்று சொல்வது உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றைத்தான். இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. இன்னொரு வாதம் கனமானது. ஆம்பளை திண்ணையிலும் பொம்பளை அடுப்படியிலுமாகப் படுத்தே வாழ்ந்தவர்களுக்குப் பிரிவு என்ன புதிதா என்பது. ஆனால் திண்ணை இருமலின் வித்தியாசத்தை அடுப்படியில் படுத்தபடியே கண்டுபிடித்தவள் அவள். பல் போனபின் அவருக்குக் களி எந்தப் பதத்தில் இறங்கும் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிடாமல் 'அவுக' என்றே ஐம்பது வருஷம் வாழ்ந்தவள், இப்போது பேரனிடம் போனைக் கொடுத்து, "தாத்தா சாப்ட்டாகளான்னு கேளு" என்கிறாள். காதல் என்ற சொல் அவர்கள் வாயில் வராததால் காதலே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

காசு வந்தால் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மை. லியோ மெக்கேரியின் அமெரிக்கப் படம் 'மேக் வே ஃபார் டுமாரோ' 1937-இல் வந்தது. வீடு பறிபோன கிழத் தம்பதியைப் பிள்ளைகள் ஆளுக்கொருவராகப் பங்கிட்டுக்கொள்கிற கதை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் திட்டம் மாதாந்திர ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியதே 1940-இல்தான். இங்கே தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை இருக்கிறது. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அது அரிசிக்கும் மாத்திரைக்கும் ஆகும். மகன் வீட்டுத் தொட்டிலை ஆட்ட ஆள் வேண்டியிருக்கும்வரை அவளை ஊருக்குத் திருப்பி அனுப்ப அந்தப் பணத்தால் ஆகாது. மெக்கேரி படத்தின் முடிவில் கிழவர் ரயிலேறுகிறார், மனைவி நடைமேடையில் நிற்கிறாள். இங்கே கடம்பூர் ஸ்டேஷனில் பாட்டி ஏறுகிறாள். பேரனுக்கு வாங்கிய போளிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுத் தாத்தா நிற்கிறார்.