நீலகிரி இல்லத்தில் ஓராண்டு

வங்கி அலுவலர்களுக்கு இடமாற்றம் புதிதன்று. பதவி உயர்வு வந்தால் பெட்டி கட்ட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி. அப்படித்தான் சில ஆண்டுகளுக்கு முன், மத்தியப் பிரதேசத்தின் சிறு நகரம் ஒன்றிலுள்ள கிளைக்குத் தென்னாட்டிலிருந்து நாங்கள் மூவர் போய்ச் சேர்ந்தோம். மொழி பிடிபடவில்லை, உணவு ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பதைத் தொட்ட எங்களுக்கே மாலையானால் வீட்டு நினைவு வந்துவிடும்.

அந்த மனநிலையில் இருந்தபோது, ஜூலை மாதத்து மழைநாள் ஒன்றில், பதினான்கு வயதுப் பிள்ளைகள் சிலர் ஓர் ஆசிரியருடன் கிளைக்குள் நுழைந்தார்கள். தங்களுக்குள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். கேரளத்திலிருந்து ஓராண்டு படிப்பதற்காக வந்திருக்கிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். எங்களுக்கு வியப்பாக இருந்தது. எங்களை மாற்றியது நிர்வாகம். இந்தப் பிள்ளைகளை மாற்றியது யார்?

நகரிலிருந்து சற்றுத் தொலைவில், வயல்களுக்கு நடுவே இருந்த ஜவஹர் நவோதயா வித்யாலயாவுக்கும் எங்களுக்கும் உறவு தொடங்கியது அன்றுதான். அந்தப் பள்ளியின் ஓராண்டை அருகிலிருந்து பார்த்தோம். அதில் நாங்கள் கற்ற பாடமும் ஒன்று உண்டு.

மாறிச் செல்லும் பிள்ளைகள்

தமிழ்நாட்டில் நவோதயா பள்ளிகள் இல்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உண்டு. எனவே நம் வாசகர்களில் பலர் இப்பள்ளிகளை நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லை. 1985-86-இல் ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் சோதனை முயற்சியாக இரண்டு பள்ளிகள் தொடங்கப்பெற்றன. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அவற்றுக்கு வடிவம் தந்தது. மாவட்டத்துக்கு ஒன்று என்னும் கணக்கில் விரிந்து, இன்று நாடெங்கும் 650-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இயங்குகின்றன. ஆறாம் வகுப்பில் நுழைவுத் தேர்வின் வழியே அதிகபட்சம் 80 பேர் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களில் குறைந்தது 75 சதவீதத்தினர் கிராமப்புறத்தவர். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண் பிள்ளைகளுக்கு. தங்குமிடம், உணவு, சீருடை, பாடநூல் யாவும் பள்ளியின் பொறுப்பு.

இவற்றைவிட எங்களைக் கவர்ந்தது வேறோர் ஏற்பாடு. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர், இந்தி பேசும் மாநிலத்துக்கும் பேசாத மாநிலத்துக்கும் இடையே, ஓராண்டுக்குப் பள்ளி மாறிக்கொள்கிறார்கள். இங்கிருந்து ஒரு குழு அங்கே போகும். அங்கிருந்து ஒரு குழு இங்கே வரும். இதற்கான அடித்தளம் முன்கூட்டியே இடப்படுகிறது. இந்தி மாநிலத்துப் பள்ளிகளில் மூன்றாம் மொழியாகக் கற்பிக்கப்படுவது, எந்த மாநிலத்தோடு பரிமாற்றம் நடக்கிறதோ அந்த மாநிலத்தின் மொழியே. ஆகவே, நாங்கள் கண்ட பள்ளியில் விவசாயி வீட்டுப் பிள்ளைகள் மலையாளம் படித்துக்கொண்டிருந்தார்கள். கேரளப் பிள்ளைகள் வந்திறங்கிய இரவு, உணவுக்கூடத்தின் வாசலில் உள்ளூர் மாணவர்கள் நின்று, "ஊணு கழிச்சோ?" என்று கேட்டார்களாம். உச்சரிப்புத்தான் சற்றுப் பிசகு, கேள்வியில் பிசகில்லை.

அதே ஜூலையில், கேரளத்துக்கு மகனை அனுப்பிய உள்ளூர்த் தந்தை ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். பணம் எடுக்க வந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கவுண்டரிலேயே நின்றுவிட்டார். "நீங்கள் அந்தப் பக்கத்தவர்தானே? அங்கே ரொட்டி கிடைக்குமா, மூன்று வேளையும் சோறுதானா?" என்று கேட்டார். நாங்கள் இவ்வூரில் ரொட்டியோடு போராடிக்கொண்டிருந்தோம். அவர் மகன் அங்கே சோற்றோடு போராடிக்கொண்டிருப்பான். அவரிடம் அதைச் சொன்னபோது இருதரப்பும் சிரித்தோம்.

விடியலுக்கு முன் தொடங்கும் நாள்

பள்ளியின் நாள் விடியுமுன் தொடங்கிவிடும். உடற்பயிற்சி, சிற்றுண்டி, காலைக் கூட்டம், வகுப்புகள், பிற்பகல் சிறப்பு வகுப்பு, மாலை விளையாட்டு, இரவு ஆசிரியர் மேற்பார்வையில் படிப்பு என்று மணியடித்தாற்போல் நடக்கும். மாணவர்கள் ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்னும் நான்கு இல்லங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். நீலகிரியை வரைபடத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகள், கோ-கோ ஆட்டத்தின்போது அதன் பெயரைத் தொண்டை கிழியக் கத்தியதைக் கேட்கையில், ஊட்டிக்கு ரயிலேறிப் போன எங்களுக்குச் சிலிர்த்தது உண்மை.

செப்டம்பர் 14, இந்தி நாள். விருந்தினராக எங்களை அழைத்திருந்தார்கள். எழுதிக்கொண்டு போன தாளைப் பார்த்து, தடுமாறி வாசித்து முடித்தோம். அடுத்து வந்தவள் நீலகிரி இல்லத்துக் கேரளச் சிறுமி. வந்து இரண்டரை மாதம். கையில் தாள் இல்லை. பால் இலக்கணத்தில் பிழைகள் இருந்தன. ஆனால், மூன்று நிமிடம் நில்லாமல் பேசினாள். உள்ளூர் மாணவர்கள் எங்களுக்குத் தட்டிய கைத்தட்டு மரியாதைக்கு. அவளுக்குத் தட்டியது மனத்திலிருந்து.

அந்தப் பருவத்திலேயே ஓணமும் வந்தது. பள்ளி முற்றத்தில் பூக்கோலம் இட்டார்கள். கேரளத்துப் பூக்கள் கிடைக்கவில்லை. சுற்றுவட்டார வயல்களில் பூத்திருந்த செண்டுமல்லியை உள்ளூர்ப் பிள்ளைகள் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

பெற்றோர் வரும் ஞாயிறு

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வருகைக்குரிய நாள். மோட்டார் சைக்கிளிலும் டிராக்டரிலும் குடும்பங்கள் வந்திறங்கும். மரத்தடியில் துணி விரித்து, வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்து, மகனுக்கோ மகளுக்கோ ஊட்டாத குறையாகக் கொடுப்பார்கள். அன்று கேரளப் பிள்ளைகளைத் தேடி வர எவரும் இல்லை. முதல் மாதம் அவர்கள் விடுதியிலேயே இருந்துவிட்டதாக இல்லப் பொறுப்பாசிரியை சொன்னார். இரண்டாம் மாதத்தில் ஒரு தாய் கூடுதலாக ஒரு டப்பா லட்டு கொண்டுவந்தார். தம் மகளின் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் பெண்ணுக்காம். அதைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். தீபாவளிக்குள் மரத்தடியில் ஒவ்வொரு துணியிலும் ஒரு கேரளப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. சுற்றறிக்கை எதுவும் போடாமலே நடந்த ஏற்பாடு இது.

நாங்கள் தவறவிட்டது

இனிச் சொல்லப்போவது எங்கள் பிழை.

டிசம்பரில் குளிர் இறங்கியது. மத்திய இந்தியாவின் குளிரைக் கேரளப் பிள்ளைகள் அறியார். பள்ளி கம்பளிச் சட்டை கொடுத்திருந்தது. ஆயினும் இரவுக்கு அது போதவில்லை. இந்தி நாளில் பேசிய அந்தச் சிறுமியின் தந்தை, தடித்த ரஜாய் ஒன்று வாங்கிக்கொள்ளும்படி மகள் பெயரிலிருந்த கணக்கில் 1,500 ரூபாய் போட்டார். அவள் ஒரு சனிக்கிழமை ஆசிரியையுடன் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் வங்கியின் கேரளக் கிளையில் தொடங்கிய கணக்குத்தான், கணினியில் பார்த்தோம். அவள் சிறு குழந்தையாக இருந்தபோது, தந்தையைக் காப்பாளராகக் கொண்டு தொடங்கியது. காப்பாளர் கையொப்பம் இல்லாமல் பணம் தர இயலாது. விதியைச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "என் பெயர்தானே சார் இதில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

ரஜாயை ஆசிரியை தம் பணத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டார். கேள்வி எங்களோடு தங்கிவிட்டது.

விதிப்படி நாங்கள் செய்தது சரி. ஆனால், விதிப்புத்தகத்தின் அடுத்த பக்கத்தை நாங்கள் ஜூலையிலேயே அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பத்து வயது நிறைந்த சிறார், விரும்பினால், தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2014-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருந்தது. அந்தச் சுற்றறிக்கை எங்கள் கோப்பில் இருந்தது. மழையில் நனைந்து கிளைக்கு வந்த பிள்ளைகளிடம் ஆசிரியரின் கணக்கு வேலையை மட்டும் முடித்துக்கொடுத்து, இனிப்பு வழங்கி அனுப்பியிருந்தோம். வீட்டிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் ஓராண்டு வாழப்போகும் ஒருவருக்கு என்ன தேவைப்படும் என்று, அதே நிலையில் இருந்த நாங்களே எண்ணிப் பார்க்கவில்லை.

ஜனவரியில் முதல்வரைச் சந்தித்தோம். பெற்றோரிடம் தொலைபேசியில் பேசி, ஆவணங்களைத் திரட்டி, ஒரு ஞாயிறு முழுவதும் பள்ளியின் நூலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். கேரளப் பிள்ளைகளோடு உள்ளூர்ப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். படிவத்தில் தங்கள் கையொப்பத்தை இடும்போது சிலர் நாவைக் கடித்துக்கொண்டு எழுதினார்கள். அச்சிறுமியும் கையொப்பமிட்டாள். பிறகு நிமிர்ந்து, "இனி நான் வந்தால் போதுமா?" என்றாள். போதும் என்றோம்.

ஊருக்குள் வந்த பள்ளி

நவோதயா பள்ளிகளுக்குச் சுற்றியுள்ள ஊர்களுக்கு முன்னோடியாக நிற்கும் கடமையும் உண்டு. அருகிலுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இங்கே வந்து ஆய்வகத்தைப் பயன்படுத்துவார்கள். இப்பள்ளி மாணவர்கள் கிராமங்களுக்குப் போவார்கள். சோயா அறுவடைப் பணம் கையில் புரளும் நவம்பரில் நாங்கள் ஒரு கிராமத்தில் முகாம் நடத்தினோம். எங்கள் இந்தி அவர்களுக்குப் புரியாது; அவர்களுடைய வட்டாரப் பேச்சு எங்களுக்குப் புரியாது. பதினோராம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேர் இடையே நின்று பேசினார்கள், படிவம் நிரப்பினார்கள், கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லலாகாது என்பதைச் சிறு நாடகமாக நடித்துக் காட்டினார்கள்.

அன்று கைநாட்டு வைத்த பெண்களைப் பார்த்த மாணவர்கள், பிறகு நான்கு ஞாயிறுகள் அதே ஊருக்குப் போனார்கள். ஜனவரி முடிவில் ஏழு பெண்கள் கிளைக்கு வந்து, கைநாட்டுக்குப் பதிலாகக் கையொப்ப மாதிரியைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அவர்களுள் ஒருவர் அந்த மாணவர்களில் ஒருவனின் தாய். பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. மீண்டும் எழுதச் சொல்லக் கூச்சப்பட்டு நின்றோம். அவராகவே கண்டுபிடித்து, அடித்துவிட்டு, வேறு அட்டை கேட்டு வாங்கி எழுதினார்.

நாடளாவிய அளவில் இப்பள்ளிகளின் தேர்ச்சி பலரும் அறிந்ததே. 2023-ஆம் ஆண்டு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் ஒட்டுமொத்தத் தேர்ச்சி 87.33 சதவீதம், நவோதயா பள்ளிகளின் தேர்ச்சி 97.51 சதவீதம். அந்த விழுக்காட்டைச் செய்தித்தாளில் காணும்போதெல்லாம், எழுத்தொன்றை அடித்துத் திருத்திய அந்தத் தாய்தான் எங்கள் நினைவுக்கு வருகிறார். அதுவும் அப்பள்ளியின் தேர்ச்சிதான்.

பிரிவு

மார்ச்சில் தேர்வு முடிந்தது. பிள்ளைகள் ஊர் திரும்பும் நாளுக்கு முன், அந்தச் சிறுமி கிளைக்கு வந்து 300 ரூபாய் எடுத்தாள். அம்மாவுக்குக் கண்ணாடி வளையலும், அந்த ரஜாயை வாங்கிக் கொடுத்த ஆசிரியைக்கு ஒரு பேனாவும் வாங்கப் போவதாகச் சொன்னாள். சீட்டில் அவள் கையொப்பம் அட்டையில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. ரயிலடிக்கு லட்டு டப்பாக்களோடு வந்திருந்த தாய்மார்களைக் கண்டதாகச் சக ஊழியர் மறுநாள் சொன்னார். சில மாதங்களில் எங்களுக்கும் மாற்றல் ஆணை வந்தது.

வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு, அருகில் இருப்பவர்களே ஊரும் உறவும். ஆசிரியை அதை அறிந்திருந்தார். லட்டு கொண்டுவந்த தாய் அறிந்திருந்தார். வங்கியும் அந்த அருகில் இருப்பவர்களுள் ஒன்று என்பதை நாங்கள் சற்றுத் தாமதமாக அறிந்தோம்.

வாசகர் கவனத்திற்கு

உங்கள் வீட்டுப் பிள்ளை விடுதியிலோ வெளியூரிலோ படிக்கிறதா? இக்கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மூன்றைச் சரிபாருங்கள்.

முதலாவது, பிள்ளையின் கணக்கை இயக்குபவர் யார்? காப்பாளர் எனில், பத்து வயதைக் கடந்த பிள்ளை தானே இயக்கும் கணக்கைத் தொடங்க இயலுமா, அதற்குத் தொகை வரம்பு என்ன என்பதைக் கிளையில் கேளுங்கள்.

இரண்டாவது, பதினெட்டு வயது நிறைந்தால் புதிய கையொப்ப மாதிரியும் கணக்கை இயக்குவதற்கான புதிய ஆணையும் தர வேண்டும். கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளில் இதை அறிந்து திகைப்பவர் பலர்.

மூன்றாவது, இரண்டாண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் தாமாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கு செயலற்றதாகிவிடும். கல்வி உதவித்தொகைக்கெனத் தொடங்கிய கணக்குகளுக்கு ரிசர்வ் வங்கி இதிலிருந்து விலக்கு அளித்துள்ளது. எனவே உங்கள் பிள்ளையின் கணக்கு எந்த வகையில் பதிவாகியுள்ளது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேட்பதற்குப் பிள்ளையையே அழைத்து வாருங்கள். கவுண்டரின் உயரத்துக்குச் சற்றுக் கீழே நின்றாலும், கேள்வியை அவர்களே கேட்கட்டும்.