சப்-ஊபரைக் காக்கும் சல்லடை

டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு சப்-ஊபர் பெட்டி இருப்பது இன்று பெங்களூரில் சாதாரணமாகிவிட்டது. கடையில் முழு செட்டாக ஹோம் தியேட்டர் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். டவுன்ஹாலுக்கு அருகே எஸ்.பி. ரோட்டில் ஆம்ப்ளிபையர் போர்டும் ஊபரும் தனித்தனியே வாங்கி, பிளைவுட்டில் பெட்டி அடித்துத் தாங்களே அமைத்துக் கொள்பவர்கள் இன்னொரு பக்கம். இரு சாராருமே கேட்கும் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். "எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்?" என்று கேட்பவர்கள் சொற்பம். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஊபர் சில மாதங்களில் கரகரத்துப் போவதற்கு, இந்தக் கேள்வியைக் கேட்காததே பல சமயம் காரணமாகிறது.

சப்-ஊபர் போர்டு என்று விற்பவை பலவற்றில் இருப்பது லோ-பாஸ் பில்டர். பாட்டின் மேல் பகுதியைத் தடுத்து, கீழ்ப் பகுதியை மட்டும் ஊபருக்கு அனுப்புவது அதன் வேலை. ஹை-பாஸ் பில்டர் இதற்கு நேர் எதிர். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதைத் தடுத்து, மேலே உள்ளதை விடும் சல்லடை அது. "சப்-ஊபரே தாழ்ந்த ஒலிக்குத்தானே, அதில் கீழே உள்ளதை ஏன் தடுக்க வேண்டும்?" என்று தோன்றலாம். நியாயமான சந்தேகம்தான். விடை, கூம்பின் அசைவில் இருக்கிறது.

நான்கு மடங்கு அசைவு

ஒரே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப வேண்டுமானால், ஊபரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைந்தாக வேண்டும். 40 ஹெர்ட்ஸில் 3 மில்லி மீட்டர் அசையும் கூம்பு, 20 ஹெர்ட்ஸில் 12 மில்லி மீட்டர் அசைய வேண்டும். 10 ஹெர்ட்ஸில் 48 மில்லி மீட்டர். வீட்டு உபயோக ஊபர் எதுவும் இதற்குத் தாங்காது. வாய்ஸ் காயில் காந்த இடைவெளியை விட்டு வெளியே வரும். பின்னால் உள்ள இரும்புத் தட்டில் இடிக்கும். சுற்றியுள்ள ரப்பர் வளையம் கிழியும்.

இத்தனையும் எதற்காக? 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம் காதுக்கு ஏறக்குறைய எதுவுமே கேட்பதில்லை. பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே வருபவை, படத்தின் வெடிச்சத்தம், மைக்கைத் தட்டும் ஓசை, இசைத்தட்டின் நெளிவு போன்றவை. நிமிடத்திற்கு 33⅓ முறை சுற்றும் தட்டு சற்று வளைந்திருந்தால், விநாடிக்கு ஒரு முறை கூட ஆகாத மெதுவான அசைவு ஆம்ப்ளிபையருக்குள் போகிறது. இசைத்தட்டுக்கான சர்வதேசத் தர விதியில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைக்கும் திருத்தம் 1976-ல் சேர்க்கப்பட்டது இதற்காகத்தான். இசைத்தட்டு மோகம் மீண்டும் திரும்பியிருக்கும் இந்நாளில், பழைய பிளேயரை எடுத்துத் துடைத்து வைத்திருப்பவர்கள் இதை மனதில் கொள்வது நல்லது.

பெட்டிக்கு ஏற்ற எல்லை

எல்லாப் பெட்டிக்கும் ஒரே எல்லை பொருந்தாது. முழுவதும் மூடிய பெட்டியில், உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் போல நின்று கூம்பைப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஆபத்து குறைவு. பேஸ் பூஸ்ட் குமிழைத் தாராளமாகத் திருகுகிறவர்களுக்கு மட்டும் 15 முதல் 20 ஹெர்ட்ஸில் ஒரு பில்டர் அவசியம்.

குழாய் வைத்த பெட்டியின் கதை வேறு. குழாய்க்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அந்த இடத்தில் குழாயின் காற்றே சத்தத்தைத் தரும். கூம்பு அநேகமாக அசையாது. அதற்குக் கீழே இறங்கிவிட்டாலோ குழாய் வெறும் ஓட்டைதான். கூம்புக்குப் பிடிமானம் இல்லாமல் போய், கண்டபடி ஆடும். ஆகவே குழாய்ப் பெட்டிக்கு ஹை-பாஸ் பில்டரைக் கட்டாயம் என்றே சொல்லலாம். குழாயின் அதிர்வெண்ணிலோ, அதற்குச் சற்றுக் கீழோ எல்லையை வைக்க வேண்டும்.

அந்த அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. செல்போனில் டோன் எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, ஒலியை மிகக் குறைவாக வைத்து, 60 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் கூம்பு ஏறக்குறைய நின்று, குழாயில் காற்று பலமாக வீசுகிறதோ, அதுவே உங்கள் பெட்டியின் எண்.

எங்கே பொருத்துவது?

ஊபருக்குப் போகும் ஒயரில் ஒரு கண்டென்சரைத் தொடராகப் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. 4 ஓம் ஊபருக்கு 20 ஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால், 2000 மைக்ரோ பாரட் வருகிறது. ஊபரின் மின்தடையும் அந்த இடத்தில் 4 ஓமாக நிலைத்து நிற்பதில்லை, கணக்கு பொய்த்துவிடும். ஆம்ப்ளிபையருக்கு முன்னால், சிறிய சிக்னல் ஓடும் இடத்தில் தடுப்பதே சரியான வழி.

மிக எளிய முறை, ஆம்ப்ளிபையரின் உள்ளீட்டில் ஒரே ஒரு கண்டென்சர். உள்ளீட்டு மின்தடை 22 கிலோ ஓம் என்றால், 0.33 மைக்ரோ பாரட் போட்டால் எல்லை 22 ஹெர்ட்ஸ். ஆனால் இது சாய்வு குறைந்த சல்லடை. ஒரு ஸ்தாயி கீழே போனாலும் ஏழு டெசிபல்தான் குறையும்.

நாமே செய்யலாம்

இதைவிடச் சிறந்தது, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் சாலன், கீ என்ற இருவர் 1955-ல் வெளியிட்ட சுற்று. டி.எல்.072 போன்ற ஓர் ஐ.சி.யில் பாதி, இரண்டு கண்டென்சர், இரண்டு ரெசிஸ்டர் போதும். ஐ.சி.யின் மைனஸ் உள்ளீட்டை அதன் வெளியீட்டோடு சேர்த்துவிட வேண்டும். இரண்டு 0.22 மைக்ரோ பாரட் கண்டென்சர்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, கடைசி முனையைப் பிளஸ் உள்ளீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அந்த முனையிலிருந்து கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம். இரு கண்டென்சர்களும் சேரும் இடத்திலிருந்து ஐ.சி.யின் வெளியீட்டுக்கு 22 கிலோ ஓம். எல்லை சுமார் 22.5 ஹெர்ட்ஸில் அமையும். 11 ஹெர்ட்ஸில் சிக்னல் ஏறக்குறைய கால் பங்காகிவிடும்.

குழாய் 35 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தால், ரெசிஸ்டர்களை அப்படியே விட்டுக் கண்டென்சர்களை மட்டும் 0.15 ஆக்கினால் எல்லை 33 ஹெர்ட்ஸ். எலக்ட்ரோலிடிக் வேண்டாம், பாலியஸ்டர் கண்டென்சர் வாங்குங்கள். ரெசிஸ்டர் ஒரு சதவீதம் துல்லியமுள்ளதாக இருக்கட்டும். ஐ.சி.க்குப் பிளஸ், மைனஸ் 12 வோல்ட் கொடுத்து, உள்ளீட்டு ஒயருக்கு ஷீல்டு ஒயரைப் பயன்படுத்தினால் ஹம் வராது. மெயின்ஸ் இணைப்பைக் கழற்றிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சாலிடரிங் பழக்கமில்லாதவர்கள், வாங்கும்போதே ஆம்ப்ளிபையரில் "சப்சானிக்" என்ற ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஏ.வி. ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர்களை "ஸ்மால்" என்று குறித்து 80 ஹெர்ட்ஸ் வைப்பதும் ஒரு ஹை-பாஸ் பில்டரே. ஆனால் அது சின்னப் பெட்டிகளின் பாரத்தைக் குறைக்கிறதே தவிர, சப்-ஊபரைக் காப்பதில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பில்டர் பொருத்திய பின், பழகிய பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். பேஸ் குறைந்ததாகவே தோன்றாது. கூம்பின் வீண் ஆட்டம் மட்டும் அடங்கியிருக்கும். பேஸ் மெலிந்தால், எல்லையை உயரத்தில் வைத்துவிட்டீர்கள் என்று பொருள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. அளவுக்கு மீறிய வால்யூமால் காயில் சூடேறிக் கருகுவதை எந்தப் பில்டரும் தடுக்காது. அந்தக் குமிழ் நம் கையில்தான் இருக்கிறது.