கொலைச்சிந்து

கொலைச்சிந்து என்பது உண்மையில் நடந்த ஒரு கொலையைச் சிந்துப் பாடலாகக் கட்டி, சிறு நூலாக அச்சிட்டு, மக்கள் கூடும் இடங்களில் பாடி விற்ற வெகுசன இலக்கிய வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தமிழ்நாட்டின் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் ரயில்களிலும் பேருந்து நிலையங்களிலும் இது வழங்கியது. எழுத்தறியாதவர்களுக்கு இது செய்தித்தாளாகவும் நீதிக்கதையாகவும் ஒப்பாரியாகவும் இருந்தது. குற்றத்தை மக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை அறிய இது ஒரு முக்கியமான சான்று. ஆனால் கவனமாகப் படிக்க வேண்டிய சான்றும் ஆகும்.

பெயரும் யாப்பும்

சிந்து என்பது எளிய இசைப்பாட்டு வடிவம். காவடிச்சிந்து, நொண்டிச்சிந்து, வழிநடைச்சிந்து எனப் பல வகைகள் இதில் உண்டு. குறுகிய அடிகளும் திரும்பத் திரும்ப வரும் தாளமும் கொண்டதால், ஒருமுறை கேட்டவர் மறுமுறை கூடச் சேர்ந்து பாடிவிடலாம். கொலையைப் பொருளாகக் கொண்ட சிந்து கொலைச்சிந்து எனப்பட்டது. வெள்ளம், புயல், ரயில் விபத்து போன்றவற்றைப் பற்றியும் இதே முறையில் சிந்துகள் வெளிவந்தன. ஆயினும் மக்கள் நினைவில் நிலைத்தது கொலைச்சிந்து என்ற பெயரே.

முன்னோடிகள்

கொலையையும் தண்டனையையும் பாடும் வழக்கம் அச்சுக்கு முன்பே தமிழில் வேரூன்றியிருந்தது. காத்தவராயன் கதைப்பாடலின் உச்சம் நாயகன் கழுமரம் ஏறுவதாகும். மதுரை வீரன் கதையில் நாயகன் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். இவ்விருவரும் இன்று கோயில்களில் வழிபடப்படுகிறார்கள். தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டிலும் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்களின் கதைகள் ஏராளம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் நடந்த தண்டனைகளும் இவ்வாறே பாடலாயின. மதுரையை ஆண்ட கான்சாகிபு என்ற யூசுப்கான் 1764-இல் தூக்கிலிடப்பட்டார். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மேஜர் பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களை அங்கே வரவழைத்து, அவர்கள் கண் முன்னால் அத்தண்டனையை நிறைவேற்றினார். பார்ப்பவர்களை அச்சுறுத்துவதே நோக்கம். ஆனால் மக்களிடம் தோன்றிய கதைப்பாடல்கள் அந்த நோக்கத்தைத் தலைகீழாக்கின. தூக்கிலிட்டவரை அல்ல, தூக்கில் தொங்கியவரையே அவை போற்றின. கான்சாகிபு சண்டை, கட்டபொம்மு கதைப்பாடல், காத்தவராயன் கதைப்பாடல் ஆகியவற்றைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்துள்ளார்.

இறந்தவர் பக்கம் நின்று பாடும் இந்தப் பழக்கம் பின்னர் வந்த கொலைச்சிந்திலும் தொடர்ந்தது.

அச்சும் குஜிலியும்

1835-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சகங்கள் மீதிருந்த பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பின் இந்தியர்கள் நடத்திய அச்சகங்கள் பெருகின. சென்னையில் மாலை வேளையில் கூடிய கடைத்தெருவுக்குக் குஜிலி என்று பெயர். அங்கே விற்ற மலிவான பாட்டுப் புத்தகங்களைக் குஜிலி நூல்கள் என்று அழைத்தனர். மட்டமான தாள், சில பக்கங்கள், காலணா அரையணா விலை, தடித்த எழுத்தில் நீண்ட தலைப்பு ஆகியவை இவற்றின் அடையாளங்கள். இவ்வகை நூல்களை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி, தம் நூலுக்கு 'முச்சந்தி இலக்கியம்' என்றே பெயரிட்டார்.

ரயில் இந்த வணிகத்துக்குத் துணை செய்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-இல் இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. பாதைகள் நீள நீள, சென்னையில் அச்சான பாட்டுப் புத்தகம் வெளியூர்ச் சந்தைக்குப் போவது எளிதாயிற்று. ரயில் பெட்டியே பாட்டுக்காரருக்கு ஒரு மேடையாகவும் ஆனது.

பாடலின் அமைப்பு

கொலைச்சிந்துகள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைந்தன.

1. கடவுள் வணக்கம். பிள்ளையார், முருகன் அல்லது கலைமகளை வேண்டித் தொடங்கும்.
2. அழைப்பு. நாட்டில் நடந்த கொடுமையைக் கேட்க வருமாறு கூடியவர்களை விளிக்கும்.
3. இடமும் ஆட்களும். ஊர், தெரு, குடும்பம், தொழில் ஆகியவை சொல்லப்படும்.
4. பகைக்குக் காரணம். சொத்துத் தகராறு, நகை ஆசை, சந்தேகம், கள்ளக்காதல், மாமியார் மருமகள் பூசல் போன்றவை.
5. கொலை நடந்த விதம்.
6. புலம்பல். தாய், மனைவி, பிள்ளைகள் அழுவதாக அமையும்.
7. போலீஸ் வருகை, பிரேதப் பரிசோதனை, கைது, வழக்கு.
8. புத்திமதி. கேட்பவர்கள் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம்.

புதிய மெட்டை யாரும் தேடவில்லை. மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நாடக மெட்டு அல்லது சினிமா மெட்டைப் பாட்டின் தலைப்பில் குறிப்பிட்டுவிட்டால் போதும். புத்தகம் வாங்கியவர் வீட்டிலேயே பாடிக்கொள்ளலாம்.

பாடி விற்ற முறை

பாட்டுக்காரர் டேப் அடித்துக்கொண்டு உரத்த குரலில் பாடுவார். சிலர் மனைவியுடனோ கூட்டாளியுடனோ வந்து மாறி மாறிப் பாடுவதுண்டு. கூட்டம் சேர்ந்ததும் கதையை வளர்த்து, கொலை நடக்கப் போகும் இடத்தில் நிறுத்துவார். மீதிக் கதை புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லி விற்பனை தொடங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாங்கினார்கள். வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் தெருவே கூடிக் கேட்கும்.

பிரிட்டனும் அயர்லாந்தும்

இதே போன்ற இலக்கியம் பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டனிலும் அயர்லாந்திலும் செழித்தது. அங்கே தூக்குத் தண்டனை பொது இடத்தில் நிறைவேறியது. லண்டனில் 1783 வரை டைபர்ன் என்ற இடத்திலும், பின்னர் நியூகேட் சிறை வாசலிலும் தூக்கிலிட்டனர். அந்த நாள் கிட்டத்தட்ட ஒரு திருவிழா. குற்றவாளியின் 'கடைசி வாக்குமூலம்' என்ற ஒற்றைத் தாள் அச்சு அங்கே கூவி விற்கப்பட்டது. அவர் வாயைத் திறக்கும் முன்பே அது அச்சாகியிருக்கும். ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1747-இல் வெளியிட்ட ஒரு படத்தில் குற்றவாளி இன்னும் வண்டியில்தான் வந்துகொண்டிருக்கிறான். ஆனால் அவனுடைய கடைசி வாக்குமூலத்தை ஒரு பெண் விற்றுக்கொண்டிருக்கிறாள்.

1752-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கொலைக் குற்றவாளியைத் தீர்ப்பிலிருந்து இரண்டு நாட்களுக்குள் தூக்கிலிட வேண்டும். உடலை அறுவை மருத்துவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இவ்வளவு விரைவாக எல்லாம் முடிந்ததால் குற்றம், தீர்ப்பு, மரணம் மூன்றும் ஒரே தாளில் அடங்கின. அயர்லாந்தில் வழிப்பறிக்காரர்களின் வாழ்க்கைக் கதைகள் மலிவு நூல்களாக வந்தன. ஏழைப் பிள்ளைகள் படித்த கிராமப் பள்ளிகளில் அவையே வாசிப்புப் புத்தகமாகவும் பயன்பட்டன.

ஒற்றுமைகள் பல. இரண்டும் மலிவானவை, தெரிந்த மெட்டில் அமைந்தவை, நீதி சொல்லி முடிபவை. வேற்றுமை முக்கியமானது. பிரிட்டிஷ் தாள்களில் கதை தூக்குமேடையில் முடிந்தது. குற்றவாளியே மனம் வருந்திப் பேசினான். கொலைச்சிந்தின் காலத்தில் தமிழ்நாட்டில் தூக்கு சிறைச்சுவருக்குள் போய்விட்டது. செஷன்ஸ் நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். மேல்முறையீடு, கருணை மனு எனக் காலம் ஓடும். அதுவரை காத்திருந்தால் பாட்டு விலை போகாது. ஆகவே சிந்து, கொலை நடந்த சூட்டோடு வெளிவந்தது. தூக்குமேடை இருக்க வேண்டிய இடத்தில் தாயின் புலம்பல் அமர்ந்தது.

தீர்ப்புக்கு முந்திய தீர்ப்பு

இந்த அவசரத்தில் ஓர் ஆபத்தும் இருந்தது. வழக்கு விசாரணைக்கு வருமுன்பே பாட்டு குற்றவாளியைப் பெயர் சொல்லி முடிவு கட்டிவிடும். பின்னர் அவர் விடுதலையானாலும் விற்றுப்போன புத்தகங்களைத் திரும்பப் பெற முடியாது.

இதன் கடுமையை உணர லட்சுமிகாந்தன் கொலை வழக்கை நினைக்கலாம். நடிகர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றி வம்பு எழுதிய 'இந்துநேசன்' இதழின் ஆசிரியர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945-இல் தண்டிக்கப்பட்டனர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மீண்டும் நடந்த மேல்முறையீட்டில் 1947-இல் இருவரும் விடுதலையாயினர். நீதிமன்றமே தன் முடிவைத் திருத்திக்கொண்ட வழக்கு இது. நாட்டின் புகழ்பெற்ற நடிகர்களுக்கே இத்தனை ஆண்டுகள் ஆயின. சந்தையில் பாடப்பட்ட ஓர் ஏழைக்குத் தன் பெயரைத் திருத்த எந்த வழியும் இல்லை.

கொல்லப்பட்ட பெண்களின் நிலை இன்னும் மோசம். கணவன் சந்தேகப்பட்டுக் கொன்றால், அந்தச் சந்தேகம் உண்மையா என்று பாட்டு பல நேரங்களில் கேட்பதில்லை. 'பெண்கள் இப்படி நடக்கக் கூடாது' என்ற புத்திமதியோடு முடித்துவிடும். ஒரே பாட்டில் தாயின் புலம்பல் இறந்தவளுக்காக அழும்; கடைசி வரிகள் அவளையே குற்றம் சொல்லும்.

பிற்காலத் தொடர்ச்சி

1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எளிய தமிழில் குற்றச் செய்திகளை நாள்தோறும் தந்தது. எழுத்தறிவும் பரவியது. வானொலியும் சினிமாவும் கூட்டத்தை இழுத்தன. மெல்ல மெல்ல டேப் அடிக்கும் பாட்டுக்காரர் மறைந்தார்.

ஆனால் 'கடைசி வாக்குமூலம்' மறையவில்லை. பல கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை 1994-இல் நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டது. அதில் அதிகாரிகளின் பெயர்களும் இருந்ததால் சிறைத்துறை எதிர்த்தது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை. பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவரின் சம்மதமின்றியும் வெளியிடலாம். அதற்கு மேல் சென்றால் அது அவருடைய அந்தரங்க உரிமையில் தலையிடுவதாகலாம் என்றது. பாலியல் வன்கொடுமைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களின் பெயர்கள் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடப்படக் கூடாது என்றும் சொன்னது. சங்கர் 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

கொலைச்சிந்து ஒருபோதும் கேட்டுக்கொள்ளாத கேள்விக்கு இத்தீர்ப்பு ஓர் எல்லை வகுத்தது. குற்றத்தை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு. ஆனால் பாதிக்கப்பட்டவரின் பெயர் விற்பனைப் பொருள் அல்ல.

சான்றாகப் பயன்படுத்தும் முறை

குஜிலி நூல்கள் படித்ததும் எறியப்பட்டவை. எஞ்சியவற்றில் ஒரு பகுதி சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பாதுகாக்கப்படுகிறது. பழைய வீடுகளின் பெட்டிகளில் இன்னும் சில கிடைக்கலாம். கிடைத்தால் தலைப்பு, பாடியவர் பெயர், அச்சகம், ஆண்டு, விலை, மெட்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது நல்லது.

ஆய்வு செய்யும் மாணவர்கள் பாட்டில் சொல்லப்பட்ட காரணத்தை வழக்கின் உண்மையாகக் கொள்ளக் கூடாது. தீர்ப்பு நகலும் அக்காலச் செய்தித்தாளும் கிடைத்தால் ஒப்பிட வேண்டும். கொலை எப்படி நடந்தது என்பதற்குச் சிந்து பலவீனமான சான்று. அந்தச் செய்தியைக் கேட்ட சந்தைக்கூட்டம் யாருக்காக அழுதது, யாரைப் பழித்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.